ஒரு சாவு ஊர்வலம் இன்னொன்றைப் பெற்ற கதை: பெல்ஃபாஸ்ட், மார்ச் 1988

1988 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி ஜிப்ரால்டர். வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து ஒன்றுபட்ட அயர்லாந்தை உருவாக்க ஆயுதம் தூக்கிய அமைப்பு ஐ.ஆர்.ஏ. அதன் உறுப்பினர்கள் மூன்று பேரை, பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். வீரர்கள் அங்கே நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் அந்த மூவரையும் அடக்கம் செய்துகொண்டிருந்தபோது, கூட்டத்துக்குள் கையெறிகுண்டு வீசியும் துப்பாக்கியால் சுட்டும் ஒருவன் இன்னும் மூன்று பேரைக் கொன்றான். அவர்களில் ஒருவரின் இறுதி ஊர்வலம் மார்ச் 19 அன்று புறப்பட்டது. அதற்குள் காரோடு வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினரைக் கூட்டம் இழுத்துப்போட்டு அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஐ.ஆர்.ஏ. அவர்களைச் சுட்டுக் கொன்றது. பதினான்கு நாளில், இந்த ஒரு சங்கிலியில் மட்டும், எட்டு உயிர்கள்.

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் கொல்லப்பட்டார்கள். மொத்த மக்கள்தொகையே அப்போது 15 லட்சம்தான். அந்தக் கணக்கில் எட்டு என்பது சின்ன எண். ஆனாலும் இந்த இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. மற்றக் கொலைகள் பெரும்பாலும் இருட்டிலும் முகமூடிக்குப் பின்னாலும் நடந்தவை. பெல்ஃபாஸ்டில் நடந்த இரண்டும் கேமரா முன்னால் நடந்தன, மூன்றுமே பிறகு நீதிமன்றங்களில் அக்கு வேறு ஆணி வேறாக அலசப்பட்டன. எந்த இடத்தில் அறுத்திருக்கலாம், ஏன் அறுக்க முடியவில்லை என்று கிட்டத்தட்ட மணிக்கணக்கில் பார்க்க முடிகிறது.

வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது. பல நூற்றாண்டுப் பகை, கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் ஆகவே ஆகாது, அப்படித்தான் அடித்துக்கொள்வார்கள் என்பது. எனக்கு இது போதவில்லை. பகை 1950களிலும் இருந்தது. 1956 டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. எல்லைப் பகுதியில் ஒரு தாக்குதல் தொடரை ஆரம்பித்து ஐந்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. இருபது பேர்கூடச் சாகவில்லை. சொந்தச் சமூகமான கத்தோலிக்கர்களிடமே பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. மக்களின் கவனம் வேறு பக்கம் திருப்பப்பட்டுவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டு 1962 பிப்ரவரியில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். பத்தே வருடம் கழித்து, 1972 என்ற ஒரே ஆண்டில் 470க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இடைப்பட்ட பத்து வருடத்தில் மதம் மாறவில்லை, வரலாறும் மாறவில்லை. மாறியது போலீஸ் மீதும் கோர்ட் மீதும் மக்களில் மூன்றில் ஒரு பங்கான கத்தோலிக்கர்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை. நடந்தது என்ன, தப்பு யாருடையது என்று இரண்டு தரப்பும் காது கொடுத்துக் கேட்கும்படி சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் கொலைக்குக் கொலை என்பது ஓயாமல் ஓடுகிறது என்பது என் எண்ணம். மார்ச் 1988 அதற்கு நல்ல சாட்சி.

நம்பிக்கை போன விதம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே மூன்றில் இரண்டு பங்குபோல புராட்டஸ்டண்டுகள். அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்ட்கள். கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பிய தேசியவாதிகள். திருப்பலியின் பொருள் என்ன, போப்பின் அதிகாரம் எவ்வளவு என்று யாரும் அங்கே துப்பாக்கி தூக்கவில்லை. வீடு யாருக்கு, வேலை யாருக்கு, ஓட்டு யாருக்கு என்பதில்தான் தகராறு. மதம் என்பது பிறப்பிலேயே ஒட்டிய அடையாளம். பெயரையும் படித்த பள்ளியையும் கேட்டாலே நீ எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

டெர்ரி நகரத்தில் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். ஆனால் வார்டு எல்லைகளை வளைத்தும், உள்ளாட்சி ஓட்டை வரி கட்டும் வீட்டுக்காரர்களோடு நிறுத்தியும் மாநகராட்சி யூனியனிஸ்ட் கையிலேயே இருந்தது. 1968 அக்டோபர் 5 அன்று அங்கே போன சிவில் உரிமை ஊர்வலத்தை ஆர்.யூ.சி. எனப்பட்ட போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. அந்தப் போலீஸில் பத்தில் ஒன்பது பேர் புராட்டஸ்டண்டுகள். 1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த பாம்பே தெருவை புராட்டஸ்டண்ட் கும்பல் எரித்தது, பிரிட்டிஷ் ராணுவம் இறங்கியது. தங்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று கத்தோலிக்கப் பெண்கள் சிப்பாய்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். நம்பக் கஷ்டமாக இருந்தாலும் இது நடந்தது.

டீ ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் நடவடிக்கை தொடங்கியது. முதல் நாள் பிடித்த 340க்கும் மேற்பட்டோரில் லாயலிஸ்ட் ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. லாயலிஸ்ட் என்றால் பிரிட்டிஷ் முடியாட்சியின் பெயரால் ஆயுதம் தூக்கிய புராட்டஸ்டண்ட் தரப்பு. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ஊர்வலம் போனவர்களைப் பாராசூட் படைப்பிரிவு சுட்டது. பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள், இன்னொருவர் பின்னால் இறந்தார். தலைமை நீதிபதி விட்ஜரி சில வாரங்களிலேயே விசாரணையை முடித்து, சிப்பாய்கள் மீது பெரிய குற்றமில்லை என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தார். இறந்தவர்கள் யாரும் ஆபத்தானவர்களாக இருக்கவில்லை என்று சாவில் (Saville) என்ற நீதிபதியின் விசாரணை சொன்னது 2010இல். 38 வருட இடைவெளி. என் கணிப்பில், ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததில் டெர்ரியின் துப்பாக்கிகளுக்கு எவ்வளவு பங்கோ, விட்ஜரியின் பேனாவுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அதற்கு முந்தைய குளிர்காலம்

1987 மே 8 அன்று லாஃப்கால் கிராமத்தின் காவல் நிலையத்தைத் தகர்க்க வந்த ஐ.ஆர்.ஏ.காரர்கள் எட்டு பேரை, முன்பே தகவல் தெரிந்து பதுங்கியிருந்த எஸ்.ஏ.எஸ். சுட்டுக் கொன்றது. அந்த வழியாகக் காரில் வந்த ஒரு அப்பாவியும் செத்தார். நவம்பர் 8 அன்று எனிஸ்கில்லன் நகரில், போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருந்த புராட்டஸ்டண்ட் மக்கள் மீது ஐ.ஆர்.ஏ.வின் குண்டு வெடித்தது. அன்று இறந்தவர்கள் 11 பேர். இடிபாட்டுக்குள் மகளின் கையைப் பிடித்தபடி அவள் பேச்சு அடங்குவதைக் கேட்ட கார்டன் வில்சன் என்ற துணிக்கடைக்காரர், கொன்றவர்கள் மீது தனக்கு வன்மம் இல்லை என்று அன்று மாலையே பேட்டி கொடுத்தார். உலகமே அசந்துபோனது. ஆனால் நான்கு மாதம் கழித்து பெல்ஃபாஸ்ட் கல்லறைக்கு வந்த கொலைகாரன், தான் பழிவாங்கியது எனிஸ்கில்லனுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டான். மகளை இழந்தவர் வேண்டாம் என்ற பழியை, சம்பந்தமே இல்லாத ஒருவன் எடுத்துக்கொண்டான். பாதிக்கப்பட்டவரின் துக்கத்துக்கு அவரே சொந்தக்காரராக இருக்க முடிவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

1988 ஜனவரியில் இரண்டு முடிவுகள் வந்தன. 1982இல் ஆயுதமில்லாதவர்களை ஆர்.யூ.சி. சுட்டுக்கொன்றதாகச் சொல்லப்பட்ட வழக்குகளில், உண்மையை மறைக்கப் போலீஸ்காரர்கள் முயன்றதற்குச் சான்று இருந்தும் தேச நலன் கருதி யார் மீதும் வழக்குத் தொடரப்போவதில்லை என்று அட்டர்னி ஜெனரல் பேட்ரிக் மேஹ்யூ நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சில நாளில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1974இல் நடந்த குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேரின் மேல்முறையீட்டை லண்டன் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த ஆறு பேரும் நிரபராதிகள் என்று 1991இல் விடுவிக்கப்பட்டார்கள். பிப்ரவரியில், கால்பந்தாட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கத்தோலிக்க இளைஞர் எல்லைச் சோதனைச்சாவடியில் ராணுவத் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். கை வழுக்கிச் சுட்டுவிட்டது என்றார் சிப்பாய். அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது 2022இல்.

ஜிப்ரால்டர் செய்தி பெல்ஃபாஸ்டுக்கு வந்தபோது அதைக் கேட்ட காதுகள் இவற்றையெல்லாம் கேட்டு முடித்திருந்த காதுகள்.

ஜிப்ரால்டர்

இறந்த மூவரும் ஐ.ஆர்.ஏ. என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ராணுவ பேண்டு வாத்தியக் குழு பங்கேற்கும் காவல் மாற்றும் சடங்கைக் கார் குண்டால் தகர்ப்பது அவர்கள் திட்டம். 1987 நவம்பரிலிருந்தே ஸ்பெயினில் அவர்கள் நடமாட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இந்தத் திட்டத்தை எனிஸ்கில்லனோடோ அதற்கான பதிலடியோடோ முடிச்சுப் போட முடியாது. ஆயுதக் குழுக்களுக்குத் தங்கள் சொந்தக் கால அட்டவணை உண்டு. பின்னால் பார்க்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் அடிக்கு அடி என்று வரிசைப்படுத்துகிறார்கள்.

முதல் நாள் செய்திகளில், பெரிய குண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்றே சொன்னார்கள். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹௌ எழுந்து, இறந்தவர்களிடம் ஆயுதம் இல்லை, அவர்கள் நிறுத்தியிருந்த காரில் குண்டும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கடுத்த நாள் ஸ்பெயின் போலீஸ் மார்பெல்லாவில் இன்னொரு காரைக் கண்டுபிடித்தது. அதில் 64 கிலோ செம்டெக்ஸ் வெடிமருந்து இருந்தது. திட்டம் நிஜம், அன்றைக்குக் கையில் குண்டு இல்லை என்பதும் நிஜம்.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு குரல் கடைசியில் வந்தது. 1988 செப்டம்பரில் ஜிப்ரால்டரில் நடந்த மரண விசாரணையில் ஜூரி 9க்கு 2 என்று, கொலை சட்டப்படியானதே என்றது. 1995இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 10க்கு 9 என்ற மயிரிழையில் வேறு மாதிரிச் சொன்னது. சுட்ட சிப்பாய்கள், ஆபத்து இருக்கிறது என்று நேர்மையாக நம்பியே சுட்டார்கள்; ஆனால் அந்த நடவடிக்கையைத் திட்டமிட்டு நடத்திய விதத்தில் உயிர் வாழும் உரிமை மீறப்பட்டது; அதேசமயம் இறந்தவர்கள் குண்டு வைக்க வந்தவர்கள் என்பதால் நஷ்ட ஈடு கிடையாது. இவ்வளவு நிதானமான தீர்ப்பு யாருக்கும் இனிக்கவில்லை. அது தேவைப்பட்ட பத்து நாள் தாண்டி ஏழு வருடமும் ஓடியிருந்தது.

மில்டவுன்

1980களில் ஐ.ஆர்.ஏ. இறுதி ஊர்வலம் என்றாலே ஆர்.யூ.சி. கூட்டமாக வந்து நிற்கும். சவப்பெட்டி மீது தொப்பியும் கையுறையும் வைக்கக் கூடாது, மேலே சுடக் கூடாது என்று தடுக்கும். தள்ளுமுள்ளு, அடிதடி. 1987 ஏப்ரலில் ஒரு ஊர்வலம் இந்த இழுபறியில் நாள்கணக்கில் தள்ளிப்போனது. செத்தவரை விட அடக்கமே பெரிய பிரச்சாரமாக ஆகியது. அதனால் இந்த முறை, திருச்சபையினர் இடையில் பேசி, ஆயுத மரியாதை எதுவும் நடக்காது என்று உறுதி வாங்கிக்கொண்டு, போலீஸ் தள்ளி நிற்க ஒப்புக்கொண்டது. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு. தப்பு சொல்ல முடியாது.

மார்ச் 16 அன்று மேற்கு பெல்ஃபாஸ்டின் மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். மைக்கேல் ஸ்டோன் என்ற லாயலிஸ்ட் துக்கத்துக்கு வந்தவன்போல் உள்ளே நின்று, கையெறிகுண்டு வீசி, துப்பாக்கியால் சுட்டபடி நெடுஞ்சாலையை நோக்கி ஓடினான். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் பிரிவான சின் ஃபெயின் கட்சியின் தலைவர்கள் ஜெர்ரி ஆடம்ஸையும் மார்ட்டின் மெக்கின்னஸையும் கொல்லவே வந்ததாகப் பின்னால் சொன்னான். மூன்று பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். கூட்டம் அவனைத் துரத்திப் பிடித்து அடித்தது. அடித்தே கொன்றிருப்பார்கள், போலீஸ் வந்து மீட்டது.

இப்போது மேற்கு பெல்ஃபாஸ்ட் இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? எப்போதும் குவியும் போலீஸ் அன்று மட்டும் இல்லை. கொலைகாரன் அன்று மட்டும் வந்தான். கடைசியில் போலீஸ் வந்து காப்பாற்றியது அவனை. சொல்லிவைத்துச் செய்தது என்று ஊரே முடிவு கட்டியது. இந்தச் சம்பவத்தில் அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அடுத்த வருடமே பெல்ஃபாஸ்ட் வழக்கறிஞர் பேட் ஃபினுகேன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அதில் அரசுத் தரப்பு ஆட்களின் கூட்டு அதிர்ச்சி தரும் அளவுக்கு இருந்தது என்று 2012இல் பிரதமர் கேமரூனே ஒப்புக்கொண்டார். போலீஸ் வந்தால் மோதல், வராவிட்டால் படுகொலை. ஒரு தரப்பு முழுக்க நம்பாத போலீஸுக்குச் சரியான முடிவு என்று ஒன்று கிடைப்பதே இல்லை.

ஆண்டர்சன்ஸ்டவுன் சாலை

மார்ச் 19, சனிக்கிழமை. மில்டவுனில் இறந்தவர்களில் ஒருவரான ஐ.ஆர்.ஏ. உறுப்பினரின் ஊர்வலம். போலீஸும் ராணுவமும் இன்றும் தள்ளியே நின்றன, மேலே ஒரு ராணுவ ஹெலிகாப்டர் மட்டும் வட்டமிட்டது. எதிரே ஒரு வெள்ளி நிற வோக்ஸ்வேகன் பஸாட் கார் வேகமாக வந்தது, திரும்பப் பார்த்தது, பின்னோக்கி வந்து மாட்டிக்கொண்டது. ஊர்வலத்தின் கறுப்பு டாக்ஸிகள் அதை மறித்துக்கொண்டன. உள்ளே சாதாரண உடையில் இரண்டு பேர். இருவரும் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவு கார்ப்பரல்கள். ஒருவர் வட அயர்லாந்துக்குப் புதிது.

மூன்று நாள் முன்பு நடந்ததை வைத்துத்தான் கூட்டம் இதைப் பார்த்தது. இன்னொரு ஸ்டோன் வந்துவிட்டான் என்றுதான் எவருக்கும் தோன்றும். காருக்குள் இருந்தவர்களுக்கும் அதே பயம், வேறு திசையிலிருந்து. ஒருவர் துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கி ஒரு தடவை சுட்டார். தற்காப்புக்காகச் செய்தது, எதிராளி பயந்ததை அப்படியே உறுதிப்படுத்தியது. அப்புறம் இருவரையும் வெளியே இழுத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு கோடு போட்டுப் பார்க்க வேண்டும். முதல் சில நிமிடங்களைப் பயமும் ஆத்திரமும் விளக்கும். அதற்குப் பின் நடந்ததை விளக்காது. பக்கத்திலிருந்த கேஸ்மென்ட் பார்க் விளையாட்டு மைதானத்துக்குள் அவர்களைக் கொண்டுபோனார்கள், உடையைக் களைந்து சோதித்தார்கள், ராணுவத்தினர் என்று தெரிந்துகொண்டார்கள், சுவருக்கு மேலே தூக்கிப் போட்டு, ஒரு டாக்ஸியில் ஏற்றி, அருகிலிருந்த காலி மனையில் வைத்து ஐ.ஆர்.ஏ. சுட்டது. பயந்த கூட்டம் அடிக்கும், மிஞ்சினால் மிதிக்கும். ஆளை அடையாளம் பார்த்து, வண்டி ஏற்றி, ஒதுக்குப்புறத்தில் சுட்டுக் கொல்வதற்குக் கட்டளை போட ஒருவன் வேண்டும், துப்பாக்கி கொண்டுவர ஒருவன் வேண்டும். கும்பல் வெறி என்று மொத்தமாகச் சொல்லும்போது தப்பித்துக்கொள்வது அந்த அமைப்புதான். வன்முறைச் சுழல் என்ற பேச்சில் எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுவே. சுழல் தானாகச் சுற்றுவது மாதிரி ஒரு நினைப்பை அது தருகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதைச் சுற்றிவிட ஆள் இருந்தான்.

வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனைகளும் வந்தன. ஆனால் ஹெலிகாப்டர் படத்தைக் காட்டி, பொது நோக்கம் என்ற சட்டக் கருத்தின்படி, சுட்ட இடத்தில் இல்லாத பலரையும் குற்றவாளிகளாக்கியபோது அது மேற்கு பெல்ஃபாஸ்டுக்கு இன்னொரு அநீதியாகப் பட்டது. நம்பிக்கையில்லாத இடத்தில் நீதி கொடுப்பதும் புதுப் புகாராக முளைக்கிறது.

கணக்கு தொடங்கும் தேதி

எந்தத் தரப்பைக் கேட்டாலும் தாங்கள் செய்தது பதிலடி என்றே சொல்வார்கள். பொய்யும் சொல்லவில்லை. கணக்கை எந்தத் தேதியில் தொடங்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1976 ஜனவரி 4 அன்று அர்மா, டவுன் மாவட்டங்களில் இரண்டு வீடுகளுக்குள் புகுந்து லாயலிஸ்ட்கள் சுட்டதில் கத்தோலிக்கர்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் கிங்ஸ்மில்லில் வேலை முடிந்து வேனில் திரும்பிய புராட்டஸ்டண்ட் தொழிலாளர்கள் பத்து பேரை இறக்கி வரிசையாக நிற்கவைத்துச் சுட்டார்கள். 4ஆம் தேதியிலிருந்து எண்ணுகிறவருக்கு ஒரு கதை, 5ஆம் தேதியிலிருந்து எண்ணுகிறவருக்கு வேறு கதை. 1992 ஜனவரியில் டீபேனில் ராணுவ முகாமில் கட்டட வேலை பார்த்த எட்டு புராட்டஸ்டண்டுகளை ஐ.ஆர்.ஏ. கொன்றது. பிப்ரவரியில் பெல்ஃபாஸ்டின் ஆர்மோ சாலையில் பந்தயக் கடையில் இருந்த ஐந்து கத்தோலிக்கர்கள் சுடப்பட்டார்கள். கொன்றவர்கள் விட்ட அறிக்கையில், டீபேனை மறக்காதே என்று இருந்தது. பந்தயக் கடையில் இருந்த யாருக்கும் டீபேனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பதிலடி பெரும்பாலும் எதிரியைப் பார்த்து அடிப்பதில்லை. சொந்தத் தெருவைப் பார்த்து, உங்களைக் காக்க நாங்கள்தான் இருக்கிறோம் என்று காட்டுகிறது. ஸ்டோன் சில லாயலிஸ்ட் வட்டாரங்களில் நாயகன் ஆனான். ஜிப்ரால்டர் மூவர் மேற்கு பெல்ஃபாஸ்டில் தியாகிகள் ஆனார்கள். எதிர்ப்பக்கத்துப் பிணத்தை யாரும் நேரில் பார்ப்பதில்லை. தெரு வேறு, பள்ளி வேறு, பேருந்து நிறுத்தம்கூட வேறு, நடுவில் அரசே கட்டிய சுவர். தன் பக்கத்துச் சாவை வாசலில் பார்க்கிறவர்கள், அடுத்த பக்கத்துச் சாவை ஒரு செய்தியாகக் கேட்கிறார்கள்.

பாதிரியாரிடம் இருந்த உறை

காலி மனையில் கிடந்த கார்ப்பரல்களில் ஒருவரின் வாயில் வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பார்த்தார் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். முடியவில்லை. இறுதிச் சடங்கு செய்ய மண்டியிட்டார், உதட்டில் ரத்தம். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. அவர் பெயர் அலெக் ரீட், க்ளோனார்ட் மடத்தைச் சேர்ந்தவர். சற்று முன் அந்த இருவருக்கும் குறுக்கே விழுந்து காப்பாற்றப் பார்த்து, இழுத்து எறியப்பட்டவரும் அவர்தான்.

அப்போது யாருக்கும் தெரியாத ஒன்று அவரிடம் இருந்தது. சின் ஃபெயினின் நிலைப்பாட்டை விளக்கும் தாள்கள், ஒரு உறைக்குள். டெர்ரியில் இருந்த ஜான் ஹியூமிடம் கொடுக்க வேண்டியவை. ஹியூம், வன்முறையை முற்றாக எதிர்த்த எஸ்.டி.எல்.பி. என்ற தேசியவாதக் கட்சியின் தலைவர். ரீட் அவருக்கு 1986இல் கடிதம் எழுதியதில் தொடங்கி, 1988 ஜனவரியில் ஹியூமையும் ஆடம்ஸையும் எதிரெதிரே உட்காரவைத்திருந்தார். உறையில் ரத்தக்கறை பட்டுவிட்டது. டெர்ரிக்குப் போய் உறையை மட்டும் மாற்றித் தாள்களைக் கொடுத்துவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா பேச்சுவார்த்தைதான் வழி என்று முடிப்பது சுலபம். அந்தப் பேச்சு 1988 செப்டம்பரில் உடன்பாடு இல்லாமல் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் கொலைகள் தாராளமாக நடந்தன. ஆகஸ்டில் பாலிகாலியில் ராணுவப் பேருந்தைக் குண்டு வைத்துத் தகர்த்து எட்டு சிப்பாய்களைக் கொன்றார்கள். ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் வந்தது 1994 ஆகஸ்ட் 31இல். அதற்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். ரீட் செய்ததன் பலன் வேறு மாதிரியானது. ஐ.ஆர்.ஏ. உள்ளே, துப்பாக்கியால் இனி நகர முடியாது என்று நினைக்கத் தொடங்கியவர்களுக்குப் போக ஒரு கதவு திறந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போக ராணுவத் தேக்கம், உள்ளே ஊடுருவிய உளவாளிகள், லண்டனும் டப்ளினும் ஒரே குரலில் பேசத் தொடங்கியது, அமெரிக்க அழுத்தம் எல்லாம் தேவைப்பட்டன.

ஓமாவுக்குப் பதிலடி வரவில்லை

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் எனப்படும் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஒப்பந்தத்தை ஏற்காத பிளவுக் குழு ஒன்று ஓமா நகரக் கடைத்தெருவில் குண்டு வைத்தது. 29 பேர் இறந்தார்கள், இரட்டைக் கருவைச் சுமந்த ஒரு பெண்ணும் அதில் ஒருவர். வட அயர்லாந்துக்குள் நடந்த ஒற்றைத் தாக்குதலில் மிகப் பெரிய சாவு இதுவே. பழைய கணக்கின்படி அடுத்த வாரம் எங்காவது ஒரு கத்தோலிக்க மதுக்கடையில் துப்பாக்கி வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை.

இது என் வாதத்தோடு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஓமாவுக்கு நீதி ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை, 2009இல் உரிமையியல் வழக்கில் சிலர் பொறுப்பாளிகள் என்று அறிவிக்கப்பட்டதுதான் மிச்சம். அப்படியிருந்தும் பதிலடி இல்லை. மாறியது, பதிலடியை யாரும் தற்காப்பு என்று விற்க முடியாத நிலை. ஆடம்ஸும் மெக்கின்னஸும் ‘ஆனால்’ போட்டு இழுக்காமல் கண்டித்தார்கள். லாயலிஸ்ட் குழுக்களின் ஆட்கள் ஒப்பந்தப்படி சிறையிலிருந்து வெளியே வரக் காத்திருந்தார்கள், சுட்டால் அந்தக் கதவு மூடிவிடும். கொலைகாரர்களை விடுதலை செய்வது பலருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஸ்டோனும் 2000இல் வெளியே வந்தான், கார்ப்பரல்கள் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களும் வந்தார்கள். ஸ்டோன் 2006இல் வெடிபொருள்களோடு ஸ்டோர்மாண்ட் சட்டமன்றத்துக்குள் நுழையப் பார்த்து, சுழல் கதவில் காவலாளிகளிடம் மாட்டி, அது கலை நிகழ்ச்சி என்று வாதாடினான். இந்த முறை அவனுக்காக எந்தத் தெருவும் கிளம்பவில்லை.

போலீஸும் மாறியது. 2001இல் ஆர்.யூ.சி. போய் பி.எஸ்.என்.ஐ. வந்தது. பத்து வருடம், ஒரு கத்தோலிக்கர் சேர்ந்தால்தான் இன்னொருவர் சேரலாம் என்று பாதிக்குப் பாதி ஆள் எடுத்தார்கள். எட்டு சதவீதம்போல் இருந்த கத்தோலிக்கர் பங்கு ஏறத்தாழ முப்பதைத் தொட்டது. 2007இல் சின் ஃபெயின் இந்தப் போலீஸை ஏற்றுக்கொண்டது. 2009 மார்ச்சில் பிளவுக் குழுக்கள் இரண்டு சிப்பாய்களையும் ஒரு போலீஸ்காரரையும் கொன்றபோது, ஒரு காலத்தில் ஐ.ஆர்.ஏ. தளபதியாக இருந்த மெக்கின்னஸ் போலீஸ் தலைவரின் பக்கத்தில் நின்று, அவர்கள் அயர்லாந்துக்குத் துரோகிகள் என்றார். 2011இல் ஒரு கத்தோலிக்கப் போலீஸ்காரர் கொல்லப்பட்டபோது அவர் சவப்பெட்டியைக் ஐரிஷ் பாரம்பரிய விளையாட்டுகளுக்கான கேலிக் (Gaelic) கழகத்தினரும் போலீஸ்காரர்களும் மாறி மாறிச் சுமந்தார்கள். 1988இல் அதை யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

இரண்டு பக்கத்துத் தெருக்களைப் பிரிக்கும் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2023க்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாகச் சொன்ன இலக்கு தவறியது. சுவரோரத்தில் வாழ்கிறவர்களிலேயே பலர் இப்போதைக்கு இருக்கட்டும் என்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பழைய கொலைகளில் ஏராளமானவற்றுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. 2023இல் லண்டன் ஒரு சட்டம் போட்டு, தகவல் தந்தால் நிபந்தனையோடு வழக்கிலிருந்து விலக்கு என்றும், புதிய மரண விசாரணைகளும் உரிமையியல் வழக்குகளும் இனி இல்லை என்றும் கணக்கை முடிக்கப் பார்த்தது. எதிலும் ஒத்துப்போகாத வட அயர்லாந்தின் பெரிய கட்சிகள் எல்லாமே அதை எதிர்த்தன. இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் எதிர்த்தன. விலக்கு தரும் பகுதி ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்துக்கு முரணானது என்று 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு வந்த புதிய அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்று மாற்றி எழுதுவதாக அறிவித்தது.